ஐந்து நாழிகை வழி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டால் இன்று சுமார் 11 கிலோமீட்டர் என்று பதில் வரும். கைப்பேசியில் வரைபடம் பார்த்துவிட்டு, காரில் கால் மணி நேரம் என்பார் இன்னொருவர். நான்கு தலைமுறைக்கு முன்பு இதே கேள்விக்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. ஏறக்குறைய ஐந்து நாழிகை வழி.

இந்தப் பதிலை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாழிகை என்பது நேரம். ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 60 நாழிகை, ஆக ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். வழி என்பது தூரம். ஒரு நாழிகை நேரத்தில் ஒரு மனிதர் நடந்து கடக்கும் தூரமே நாழிகை வழி. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். பொதுவாக ஒன்றேகால் மைலுக்கும் ஒன்றரை மைலுக்கும் இடையில் நிற்கும். ஏழரை நாழிகை வழி சேர்ந்தால் ஒரு காதம். அகராதிகள் காதத்தை ஏறத்தாழ 10 மைல் என்கின்றன. ஏழரை நாழிகைக்கு நேரக் கணக்கிலும் ஒரு பெயர் உண்டு, சாமம். மூன்று மணி நேரம். ஆக, ஒரு சாமம் நடந்தால் ஒரு காதம்.

கணக்குப் போட்டால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கிலோமீட்டருக்கு 11 நிமிடமும் சில வினாடிகளும். இன்றைய ஓட்டக்காரர்கள் மணிக்கட்டுக் கடிகாரத்தில் பார்க்கும் அதே எண், ‘ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்’ என்கிற எண், தமிழரின் தூர அளவைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தூரத்தைச் சொன்னாலே வேகத்தையும் சொன்னதாகிவிடும். அந்த வேகம் மூன்று மணி நேரமும் மாறாமல் இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் அடக்கம். முதல் நாழிகையில் ஓடி, கடைசி நாழிகையில் தள்ளாடுகிறவரை வைத்து யாரும் காதத்தை அளக்க முடியாது.

இந்த அளவை ஏட்டுச் சுவடியோடு நின்றுவிடவில்லை. தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் காதக்கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்று அவை சொல்கின்றன. ஒரு கல்லில் 29, மற்றொன்றில் 27. எழுத்தில் வெட்டியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று கல்லில் தோண்டியும் வைத்தார்கள். எழுத்தறியாத வண்டிக்காரரும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். சாலையில் போகிறவருக்கு மிச்ச தூரம் தெரிந்தாக வேண்டும், அப்போதுதான் மிச்ச பலத்தைப் பங்கிட முடியும் என்று 700 ஆண்டுகளுக்கு முன் யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைய ஓட்டப் பந்தயங்களில் கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்டு வைக்கும் பலகைகளின் மூத்த உறவு இந்தக் குழிகள்.

காவிரிக் கழிமுகத்தில் கல்லுக்குப் பஞ்சம். வண்டல் மண்ணும் வாய்க்காலும் வயலுமான இந்த நாட்டில் நடை வேகத்தைக் காத்தவை வேறு ஏற்பாடுகள். ஒன்று தண்ணீர்ப் பந்தல். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. இன்னொன்று சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் நிறுத்திய கல் மேடை. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. இளைப்பாறாமல் தொடர்ந்து நடக்க எந்த உடம்பாலும் முடியாது என்பதை அந்த மேடைகள் ஒப்புக்கொண்டு நின்றன.

மூன்றாவது ஏற்பாடு சத்திரம். தஞ்சையை ஆண்ட மராட்டியர் ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகச் சாலை நெடுகச் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த முத்தம்பாள் சத்திரம் அவற்றில் பெயர் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1801இல், மன்னர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இந்தச் சத்திரங்களுக்காகவே வாதாடுகிறது. வருகிறவர் யாராக இருந்தாலும் சாப்பாடு உண்டு, நோயாளிக்கு வைத்தியம் உண்டு, நடக்க முடியாதவர் தேறும் வரை தங்கலாம் என்று அவர் விவரிக்கிறார். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு சுமார் 24 கிலோமீட்டர், அதாவது ஒன்றரைக் காதம். அங்கிருந்து பட்டுக்கோட்டை இன்னும் அதே அளவு. குழந்தை குட்டியோடு போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் நடை. இன்று எங்கே போய்த் தூங்குவது என்ற கவலை இல்லாதபோது கால் தன் இயல்பான வேகத்தில் போகும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற பயம் வந்தால் அந்த வேகம் கெட்டுவிடும்.

இதெல்லாம் நடை. ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு தொழிலும் இருந்தது.

உலகப் பயணி இபின் பதூதா 1340களில் இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். மதுரை சுல்தான்களின் நாட்டில் சில காலம் தங்கினார். அதற்கு முன் தில்லியில் முகமது பின் துக்ளக்கின் தபால் ஏற்பாட்டை அருகிலிருந்து பார்த்தவர் அவர். குதிரைத் தபாலைவிட ஓட்டக்காரர் தபால் வேகமானது என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது முதலில் நம்ப முடியாது. காரணம் புரிந்தால் வியப்பு அடங்கிவிடும். ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டக்காரர்கள் தயாராக இருப்பார்கள். வருகிறவர் கையில் உச்சியில் செம்பு மணிகள் கட்டிய கோல் இருக்கும். மணிச் சத்தம் கேட்டதுமே அடுத்தவர் எழுந்து நிற்பார். கடிதம் கை மாறும், அவர் பறப்பார். குராசான் பழங்கள்கூட இப்படித்தான் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தன.

ஒரு ஆள் ஓட வேண்டியது மைலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு தூரத்துக்கு மூச்சைச் சேமிக்க வேண்டிய அவசியமில்லை. இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம்.

கம்பெனிக் காலத்துத் தபால் ஓட்டக்காரரின் நிலைமை வேறு. 1786 ஜூன் 1ஆம் தேதி சென்னையில் தலைமைத் தபால் அலுவலகம் திறந்த பிறகு சாலைகளில் ஓட்டக்காரர்களின் வரிசைகள் பெருகின. இங்கே ஒருவரின் பங்கு பல மைல்கள். தோளில் பை, கையில் மணி கட்டிய ஈட்டி, காட்டுப் பகுதியானால் இரவில் தீவட்டி. திருவாங்கூரில் இவரை அஞ்சலோட்டக்காரர் என்றார்கள். அந்த அஞ்சல் துறை 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ‘தபால்’ என்ற சொல்லின் வேரை மராட்டியின் ‘டப்பா’வில் தேடுகிறவர்கள் உண்டு. பயணத்தின் ஒரு கட்டம், ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரையான தூரம் என்பது அதன் பொருள். தஞ்சையை ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆண்ட மொழியின் சொல் தமிழ் வாயில் தங்கிப்போனதில் ஆச்சரியமில்லை. பல மைல் ஓட வேண்டியவர் துக்ளக்கின் ஆளைப் போலப் பறந்தால் இரண்டாவது மைலிலேயே பையோடு உட்கார்ந்துவிடுவார். அவருடைய ஓட்டம் சின்னச் சின்ன எட்டுகளில் போகும் தொங்கோட்டம். தமிழில் இதற்கு ஒரு அழகான தொடர் இருக்கிறது: ஓட்டமும் நடையுமாக. அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஃப் காலோவே, இதே போல ஓடுவதும் நடப்பதுமாக மாற்றி மாற்றிப் போகும் முறையைப் புதிய ஓட்டக்காரர்களுக்குக் கற்பித்துப் பெயர் பெற்றார். பாட்டிமார் அந்தத் தொடரை எப்போதும் அவசரத்தோடு சேர்த்தே சொல்வார்கள். ‘ஓட்டமும் நடையுமா வந்து சேர்ந்தேன்’ என்றால் வேகமாக வந்தேன், ஆனால் விழுந்துவிடாமல் வந்தேன் என்று அர்த்தம்.

தூரம் குறைந்தால் வேகம் கூடலாம், தூரம் கூடினால் வேகம் குறைந்தே ஆக வேண்டும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறைய வேண்டும் என்ற திட்டத்துக்கு இந்த மண்ணில் நடந்த மிகச் சிறந்த உதாரணம் ஒரு நடைப்பயணம்தான். கோடியக்கரைச் சாலையின் வாசலில்தான் அது முடிந்தது.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. விடியற்காலையில் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் புறப்பட்டார்கள். வேதாரண்யம் 150 மைல். ராஜாஜிக்கு அப்போது 51 வயது. போய்ச் சேர்ந்த நாள் ஏப்ரல் 28. நடுவில் கும்பகோணம் போன்ற ஊர்களில் தங்கியதையும் சேர்த்து 15 நாள். நாளுக்குச் சராசரியாகப் பத்து மைல், பழைய கணக்கில் நாளுக்கு ஒரு காதம்.

இது தற்செயலாக அமைந்த எண்ணாகத் தெரியவில்லை. ஒரு மாதம் முன்பு, மார்ச் 12ஆம் தேதி, சபர்மதியிலிருந்து காந்தி 78 தொண்டர்களோடு தண்டிக்குக் கிளம்பியிருந்தார். ஏறக்குறைய 240 மைல், 24 நாள். அங்கேயும் நாளுக்குப் பத்து மைல்தான் சராசரி. திங்கட்கிழமைகளில் ஓய்வு. அறுபது வயது மனிதர் ஒருவரும் இருபது வயது இளைஞர்களும் ஒன்றாகப் போய்ச் சேரக்கூடிய வேகம் அது. இளைஞர்கள் மட்டும் நடந்திருந்தால் வேதாரண்யத்தை ஒரு வாரத்தில் தொட்டிருக்கலாம். ஆனால் கடற்கரையைத் தொடுவது பயணத்தின் முடிவு அல்லவே. போன பிறகு உப்பு அள்ள வேண்டும், தடியடி வாங்க வேண்டும், சிறைக்குப் போக வேண்டும். அதற்கெல்லாம் உடம்பில் மிச்சம் வேண்டும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் மாலையில் கூட்டம் போட்டுப் பேசவும் வேண்டும்.

சித்திரை வெயில். காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று நடை. நண்பகலில் நிழல். தஞ்சை மாவட்டக் கலெக்டர் ஜே.ஏ. தார்ன், சத்தியாகிரகிகளுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று எச்சரித்தார். சத்திரங்கள், வீடுகள், தண்ணீர்ப் பந்தல்கள் என்று பல நூற்றாண்டாக இந்த நாட்டில் நடப்பவரைத் தாங்கிய ஏற்பாட்டையே அந்த உத்தரவு குறி வைத்தது. வேகத்தைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று தார்னுக்குத் தெரிந்திருந்தது. நடப்பவரை அடித்தால் கூட்டம் சேரும். சோற்றை நிறுத்தினால் கால் தானாக நின்றுவிடும்.

ஊர்மக்கள் அதற்கும் வழி கண்டார்கள். சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று யாரும் சொல்ல முடியாது. மரத்தைக் கைது செய்ய முடியாது. கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் கைதானார். ஆனாலும் நாள் கணக்குத் தவறவில்லை. வேதாரண்யத்தில் அவ்வூரைச் சேர்ந்த வேதரத்தினம் பிள்ளை எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஏப்ரல் 30ஆம் தேதி அகத்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பள்ளினார், கைதானார். 150 மைல் நடந்து வந்த தொண்டர்கள் அடுத்தடுத்த நாட்களிலும் குனிந்து உப்பள்ளும் தெம்போடு இருந்தார்கள். அந்தத் தெம்பை அவர்களுக்கு வழியிலேயே சேமித்துக் கொடுத்தது நாளுக்கு ஒரு காதம் என்ற கணக்கு.

இந்தக் கணக்கை ஓட்டப் பந்தயத்துக்குள் கையில் பிடித்துக்கொண்டே ஓடியவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. 1920களில் அவர் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார். பக்கத்தில் ஓடுபவரைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது அதிகம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், 5000 மீட்டர் இரண்டு இறுதிப் போட்டிகளையும் ஒரே நாளில் சிறிய இடைவெளியில் வென்றார். 2020இல் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் மொனாக்கோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தபோது, தடத்தின் ஓரத்தில் விளக்குகள் அவருக்கு வேண்டிய வேகத்தில் எரிந்துகொண்டே முன்னே போயின. நூர்மியின் கடிகாரம் தரைக்கு இறங்கிவிட்டது.

தஞ்சைக்கு அடுத்த வீடான புதுக்கோட்டையிலிருந்து வந்த கோவிந்தன் லட்சுமணன் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம். 5000 மீட்டருக்கு எடுத்துக்கொண்டது 14 நிமிடம் 54 வினாடி. அவருடைய திறமைக்கு இது மெதுவான நேரம். ஆடி மாதத்துக்கு முந்தைய ஒடிசாவின் புழுக்கத்தில் எல்லோரும் அடக்கி ஓடினார்கள், கடைசியில் பாய்வதற்கு வைத்திருந்தவர் வென்றார். 10,000 மீட்டரை ஏறத்தாழ 29 நிமிடம் 56 வினாடியில் முடித்தார். சராசரியாகக் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் பட்டது என்று வெண்கலத்தை இழந்தார். 25 சுற்று ஓடி வந்தவருக்கு ஓர் அடி. அந்த மாலை தமிழ்நாட்டில் ஓட்டத்தை நேசிப்பவர்களுக்கு இன்னும் வலிக்கிறது.

இனி வேதாரண்யம் சாலைக்கே வரலாம். வேதாரண்யேசுவரர் கோயில் வாசலில் புறப்பட்டு அகத்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரையை நோக்கி ஓடினால் ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு வேண்டிய தூரம் அப்படியே கிடைக்கும். மேடு பள்ளமே இல்லாத சாலை. இங்கே காற்றுதான் மேடு. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தெற்கு நோக்கி ஓடுகிறவர் முகத்தில் மோதும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை முதுகைத் தள்ளும், திரும்பும்போது வட்டியோடு வசூலிக்கும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் இந்தப் பக்கத்து மரங்களை வேரோடு சாய்த்த பிறகு நிழலும் குறைந்துபோனது. கடல் மூன்று பக்கமும் இருப்பதால் வியர்வை உடம்பிலேயே தங்கும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். உதகையில் ஓடும் நேரத்தை இங்கே ஓட நினைத்தால் உடம்பு ஒத்துழைக்காது.

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்க ஆசைப்படுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். காதக் கணக்கின் வேகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகத்தியம்பள்ளி வரை, முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 வினாடி வீதம் போகலாம். கால் இதைவிட வேகமாக இழுக்கும். இழுக்கட்டும், கடிவாளத்தை விடக்கூடாது. புறப்படும் பரபரப்பில் எந்த வேகமும் இலேசாகத்தான் தெரியும். அந்த இலேசை நம்பி முதல் கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடிவிட்டால், தசைக்குத் தேவையான பிராணவாயுவை மூச்சால் கொடுக்க முடியாமல் போகும். நான்காவது கிலோமீட்டரில் தொடை கனக்கும். அரை நிமிடம் சேமித்தவர் மூன்று நிமிடம் இழப்பார். ஆகவே மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை சரியாக ஆறு நிமிடம். பக்கத்தில் வருகிறவரோடு ஓரிரு சொல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கடைசி மூன்றை 5 நிமிடம் 53 வினாடி வீதம் ஓடினால் மொத்தம் 59 நிமிடம் 59 வினாடி.

ஐந்து கிலோமீட்டர் என்றால் இந்தச் சலுகை சுருங்கிவிடும். 30 நிமிட ஓட்டத்தில் முதல் கிலோமீட்டரில் ஐந்து வினாடி அடக்கலாம், கடைசியில் அந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விளையாட இடமில்லை. துக்ளக்கின் மணிக்கோல்காரரின் பக்கம் ஓர் அடி நெருங்கிய தூரம் அது. எதிர்காற்று பலமாக இருந்தால் இரண்டு தூரத்திலுமே வினாடிகளை மறந்துவிட்டு மூச்சின் அளவையே வைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரம் பத்து வினாடி அதிகம் காட்டினாலும் அது சரியான வேகம்தான்.

கோடியக்காட்டைத் தாண்டினால் சரணாலயம். வெளிமான்களுக்காக 1967இல் அறிவித்த காடு. ஓடிவரும் மனிதரைக் கண்டதும் மான்கள் தலை தூக்கும், ஒன்று துள்ளினால் கூட்டமே பாயும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகக்கூடிய மிருகம். ஆனால் புல்வெளியின் மறுகரைக்குப் போனதும் நின்று மேயத் தொடங்கிவிடும். மனிதர் அதைக் கடந்து தன் ஆறு நிமிடத்தில் போய்க்கொண்டே இருப்பார். எட்டாவது கிலோமீட்டர், ஒன்பதாவது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் செங்கல் மிச்சம் இந்தக் கரையில் 2004 சுனாமி வரை நின்றது. இப்போது தூரத்தில் தெரிவது புதிய விளக்கின் உயரமான தூண். அது கண்ணுக்குத் தெரிந்ததும் பாய்ந்துவிடத் தோன்றும். தட்டையான நிலத்தில் உயரமான பொருள் பக்கத்தில் இருப்பது போலக் காட்டும். அங்கே போய்ச் சேர இன்னும் அரை நாழிகை ஓட வேண்டும்.